கேட்கப்படாத கேள்விகள்

1991 ஆகஸ்டில் ஹைதராபாதிலிருந்து தில்லிக்குச் சென்ற விமானத்தில் சுமார் 10 வயதுச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். உடன் வந்தவர் சவூதி அரேபியாவைச் சேர்ந்த முதியவர். பயணச்சீட்டு சரியாகவே இருந்தது. "ஏன் அழுகிறாய்?" என்று கேட்டவர் விமானப் பணிப்பெண் ஒருவர்தான். அந்த முதியவருக்கு அவள் மணமுடித்து வைக்கப்பட்டிருந்தது அக்கேள்வியால்தான் வெளிப்பட்டது. தில்லியில் அவர் கைது செய்யப்பட்டார்.

குழந்தைகளைப் பாதுகாப்பது அந்தப் பணிப்பெண்ணின் வேலையன்று. அதையே வேலையாகக் கொண்டவர்களிடம் அந்த விழிப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. 26 ஆண்டுகளுக்குப் பிறகும், 2017 செப்டம்பரில், இத்தகைய திருமணங்கள் தொடர்பாக ஓமன், கத்தார் நாட்டினர், காஜிகள், தரகர்கள் உள்ளிட்டோரை ஹைதராபாத் போலீசார் கைது செய்ய நேர்ந்தது.

சட்டத்தில் குறையில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்படும் குழந்தையின் சூழல் குறித்த சமூக விசாரணையை 15 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். அதற்கெனப் படிவமும் உண்டு. ஆனால், படிவத்தை நிரப்புவதே விசாரணை ஆகிவிடாது. பெற்றோர் சொன்னதை எழுதிக்கொண்டு திரும்பும் ஊழியர், அந்தக் குழந்தையிடம் தனியே பேசினாரா, பள்ளிக்குச் சென்று கேட்டாரா என்பதில்தான் அதன் பயன் அடங்கியிருக்கிறது.

பிகார் மாநிலம் முசாபர்பூர் காப்பகத்தில் நடந்ததை நாடு மறந்திருக்காது. அங்கிருந்த சிறுமிகளின் துயரம் 2018-இல் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'கோஷிஷ்' குழு நடத்திய சமூகத் தணிக்கையால் வெளிவந்தது. 2020-இல் தில்லி நீதிமன்றம் தண்டித்த 19 பேரில் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் அன்றைய தலைவரும் ஒருவர். கேள்வி கேட்க வேண்டியவரே குற்றத்தில் பங்காளியாக இருந்தார். வெளியிலிருந்து வந்தவர்கள் கேட்ட பிறகே உண்மை வெளியே வந்தது.

துருவிக் கேட்பது என்றால் ஏழைக் குடும்பங்களை எல்லாம் குற்றவாளிகளாகப் பார்ப்பது என்று பொருளல்ல. ஒரு சமூகத்தையோ ஒரு பகுதியையோ முன்கூட்டியே சந்தேகிப்பவர், விடையை முடிவுசெய்துகொண்டே வீட்டுக்குள் நுழைகிறார். அறியும் ஆர்வம் உள்ளவரோ, சொல்லப்பட்டதை மரியாதையுடன் கேட்டு, அது உண்மைதானா என்று சரிபார்க்கிறார்.

இந்தப் பண்பை அறிவுரையால் மட்டும் வளர்க்க முடியாது. மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுகளில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். உள்ளூர்ச் செல்வாக்கு உள்ளவரிடம் சங்கடமான கேள்வியைக் கேட்டால் வேலை நிலைக்குமா என்ற அச்சம் அவர்களுக்கு இருப்பது இயல்பே. பணிப் பாதுகாப்பு, தொடர் பயிற்சி, முடித்த கோப்புகளை எண்ணாமல் "வேறு என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கும் மேலதிகாரி ஆகிய மூன்றும் தேவை.

எத்தனை குழந்தைகள் மீட்கப்பட்டனர் என்று நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அமைச்சர்கள் எண்ணிக்கையைத் தருகிறார்கள். விசாரணைக்குச் சென்ற ஊழியர் அந்தக் குழந்தையிடம் தனியே பேசினாரா என்பதையும் அவர்கள் கேட்கத் தொடங்க வேண்டும்.