சில்லறை இல்லை

சானமாவுக்குப் போக ஓசூர் பேருந்து நிலையத்தில் ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், கிளம்புவதற்குள் இரண்டு மூன்று கைகளாவது ஜன்னலுக்கு நீளும். ஒருவர் தமிழில் கேட்பார், ஒருவர் கன்னடத்தில், சில நாள் தெலுங்கிலும். 'சில்லறை இல்லம்மா' என்று தப்பிக்கிறோம். டீக்கும் செல்போனிலேயே காசு கட்டுகிற காலத்தில் அது பாதி உண்மையும்கூட.

கொடுத்தால் சோம்பல் வளரும், கும்பல் பிழைக்கும் என்பார்கள். குழந்தையைக் காட்டிக் கேட்டால் எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. காசு தரமாட்டேன், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பேன். ஆனால் பார்வை மங்கிய பெரியவருக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம்? இளவட்டங்களாகப் பார்த்து எடுக்கும் சிப்காட் வாசலில் அவரை யார் உள்ளே விடுவார்கள்?

தமிழ்நாட்டில் 1945-லேயே பிச்சைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. டெல்லியில் பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது. இந்தூரிலோ 2025 ஜனவரி முதல், கொடுப்பவர் மீதே வழக்கு என்று அறிவித்தார்கள். கொடுக்காதே என்பது காட்டில் சரி: காட்டு விலங்குகளுக்குத் தின்னக் கொடுக்காதீர்கள் என்று வனத்துறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. சானமாவு யானைக்குத் திரும்பிப் போகக் காடு உண்டு. கை நீட்டும் பெரியவர் எங்கே போவார்?

நான் பத்து ரூபாய்த் தாள்களைச் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொள்கிறேன். போன வாரம் ஒன்றை வாங்கிக்கொண்ட பெரியவர் சொன்னார்: 'டீ பன்னெண்டு ரூபா ஆயிடுச்சு, சார்.'