மீன் கத்தியில் மலிவு எது?



நமது இதழில் வரி, கடை வாடகை, ஆன்லைன் போட்டி என்று பெரிய விஷயங்களை எழுதுகிறார்கள். நான் எழுத வந்தது ஒரு கத்தியைப் பற்றி. இதைப் போய் எழுத வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தூத்துக்குடியில் நாற்பது வருஷமாகப் பாத்திரம், கத்தி, அரிவாள்மனை, தராசு வகையறாக்கள் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். நான் கடைக்கு வந்த காலத்தில் மீன் வெட்ட அரிவாள்மனை, இல்லாவிட்டால் வெட்டுக்கத்தி, இவை இரண்டுதான். குழம்புக்கும் வறுவலுக்கும் வட்டத் துண்டு போட அது போதும். முதுகு முள்ளை ஒட்டிச் சதையை மட்டும் உரித்தெடுக்கும் ஒல்லியான பில்லட் கத்தி ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு மட்டுமே போகும் சரக்கு.

இப்போது நிலைமை மாறிவிட்டது. ஓட்டலில் பிஷ் பிங்கர், பிஷ் டிக்கா எல்லாவற்றுக்கும் முள் இல்லாத சதை வேண்டும். வீட்டுக்கு வாங்குகிறவர்களும் பிள்ளைகளுக்காக “போன்லெஸ்” கேட்கிறார்கள். ஆகவே மார்க்கெட்டில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி மீன் வெட்டும் தொழிலாளிகள் பில்லட் கத்தி தேடி நம் கடைகளுக்கு வருகிறார்கள். ஆயிரத்துக்கு மேல் கொடுத்து வெளிநாட்டுக் கத்தி வாங்க அவர்களால் முடியாது. குறைந்த விலையில் எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவை தப்பான பதில் சொன்னேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2021-ஆம் வருஷம் வெளியூர்ப் பிரதிநிதி ஒருவர் சாம்பிள் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரி பளபளப்பு. அட்டையில் வெளிநாட்டுப் பெயர், அதிகபட்ச விலை 399 ரூபாய் என்று அச்சு. நமக்கு அடக்கம் 70 ரூபாய். 20 டஜன் எடுத்தேன். சில்லறைக் கடைகளுக்கு 95 ரூபாய் என்று போட்டேன். இரண்டே மாதத்தில் சரக்கு முழுவதும் போய்விட்டது. நல்ல அயிட்டம் பிடித்தோம் என்று எனக்குப் பெருமை.

ஒரு நாள் காலையில் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், மீன் வெட்டும் தம்பி ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். தம்பியின் வலது கையில் பெரிய கட்டு. உள்ளங்கையில் ஆறு தையல். கொடுவா மீனில் கத்தியை ஓட்டும்போது பிடிக்குள் அலகு சுழன்று, ஈரக்கை வழுக்கி, கை அலகின் மேல் போய்விட்டது. அந்தச் சமயத்தில் வியாபாரி வாயில் என்ன வருமோ அதுதான் என் வாயிலும் வந்தது.

“பார்த்துப் பிடிச்சிருக்கணும் தம்பி.”

“அண்ணாச்சி, பதினஞ்சு வருஷமா மீன் வெட்டுறேன். எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாதா?” என்றார் அவர். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

குடோனில் மிச்சமிருந்த சாம்பிள் கத்தியை எடுத்து, சுத்தியலால் பிடியை உடைத்துப் பார்த்தேன். அலகின் வால் பிடிக்குள் ஓர் அங்குலம்கூடப் போகவில்லை. மிச்சமெல்லாம் வெறும் பசை. நாற்பது வருஷம் கத்தி விற்றவன், விற்பதற்கு முன் ஒன்றையாவது உடைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

கடைகளுக்குத் தகவல் சொல்லி, விற்காமல் இருந்த 70 கத்திகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கணக்கைக் கேளுங்கள். போன 170 கத்தியில் எனக்கு வந்த லாபம் 4,250 ரூபாய். திரும்பி வந்த 70 கத்தியில் முடங்கிய முதல் 4,900 ரூபாய். அந்தத் தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவும், வேலைக்குப் போகாத மூன்று வாரத்துக்கு நான் கொடுத்த சிறு தொகையும் தனி. சரக்கு கொடுத்தவரின் போன் நின்றுவிட்டது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயரும் இல்லை, இறக்குமதி செய்தவர் விலாசமும் இல்லை.

இந்த இடத்தில் நாம் எல்லோரும் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பழுதான பொருளால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டு, அதைத் தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டால், விற்றவரே பொறுப்பாளி ஆகலாம் என்று அதில் இருக்கிறது. அதாவது விலாசம் இல்லாத சரக்கை வாங்கி விற்கும் வியாபாரி, தன் விலாசத்தையே அதற்குக் கொடுத்துவிடுகிறார். பெட்டியில் அடைத்த பொருளில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் வருஷத்து எடையளவு விதிகளும் சொல்கின்றன. இன்ஸ்பெக்டருக்குப் பயந்து இதைப் பார்க்க வேண்டாம். நம் தலைக்கு நாமே காப்பு என்று பார்க்க வேண்டும்.

இனி, குறைந்த விலையில் நல்ல கத்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் எஃகு. “ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்” என்று எழுதியிருந்தால் போதாது. நாம் பாத்திரத்தில் விற்கும் 202, 304 ரகங்களைத் தீயில் காய்ச்சிக் கடினமாக்க முடியாது. அதில் கத்தி செய்தால் பளபளக்கும், ஆனால் அரை நாளில் முனை மடிந்துவிடும். கத்திக்கென்று உள்ள எஃகில் கரி சேர்ந்திருக்கும். அது காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும், காந்தத்தில் நன்றாக ஒட்டும். ஆகவே கொள்முதலுக்குப் போகும்போது பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டாவிட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். ஒட்டினால் மட்டும் நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். 430 ரகமும் ஒட்டும், அதுவும் கடினமாகாது. சந்தேகம் இருந்தால் எஃகின் ரக எண்ணைப் பில்லில் எழுதிக் கேளுங்கள். ஐரோப்பியக் கத்திகளில் பெருமளவு வரும் 1.4116 என்ற எஃகில் கரி சுமார் அரை சதவீதம், குரோமியம் சுமார் 15 சதவீதம் இருக்கும். நம் விலைக்குள் பெரும்பாலும் 420 ரகம் கிடைக்கும். சரியாகக் காய்ச்சியிருந்தால் அதுவும் நன்றாக வேலை செய்யும். கடினத்தன்மை ராக்வெல் கணக்கில் 54 முதல் 58 வரை இருந்தால் இந்த வேலைக்குச் சரி. அதற்குமேல் போனால் முள்ளில் பட்டு முனை உதிரும். கீழே போனால் சீக்கிரம் மழுங்கும்.

இரண்டாவது வளைவு. அலகின் நுனியைப் பலகையில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். வில் போல வளைய வேண்டும், கையை எடுத்ததும் நேராக நிமிர வேண்டும். வளைந்தபடி நின்றால் இரும்பு மெத்தென்று இருக்கிறது என்று அர்த்தம். வளையவே இல்லை என்றால் அது ஆட்டுக்கறியில் எலும்பெடுக்கும் கத்தி. மீனின் முள் வரிசையை ஒட்டி அது போகாது, சதை முள்ளிலேயே நின்றுவிடும். சங்கரா மாதிரி சிறு மீனுக்கு 6 அங்குல அலகு போதும். கொடுவா, பாறை என்றால் 8 அங்குலம் வேண்டும். ஒரே கத்திதான் வாங்க முடியும் என்கிறவருக்கு 7 அங்குலம் கொடுங்கள்.

மூன்றாவது பிடி. என்னைக் கேட்டால் இதுதான் முதலாவது. மீன் தண்ணீரும் கொழுப்பும் பட்ட கையில் எதுவும் வழுக்கும். அலகின் வால் பிடிக்குள் நீளமாகப் போயிருக்க வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் இடைவெளி இல்லாமல் வார்த்திருக்க வேண்டும். மேல்புறம் சொரசொரப்பாகவும், கை முன்னால் போகாதபடி முகப்பில் ஒரு தடுப்பும் இருக்க வேண்டும். மரப்பிடி தினமும் தண்ணீரில் ஊறி உப்பி வெடிக்கும், நாற்றமும் போகாது. ஒரு துணியால் அலகைப் பிடித்துக்கொண்டு பிடியைத் திருகிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் வேண்டாம். லாட்டுக்கு ஒன்றை உடைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு கத்தி நட்டமானால் ஆகட்டும்.

கடைசியாகச் சாணை. நல்ல கத்தியையும் வறட்டுச் சாணைச் சக்கரத்தில் பொறி பறக்கப் பிடித்தால் முனை சூடாகி நீலம் பாரிக்கும். அத்துடன் அதன் கடினம் போய்விடும். பிறகு கத்தி சரியில்லை என்று நம்மிடம் வருவார்கள். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் சின்னக் கல் ஒன்றைச் சேர்த்தே விற்றால் இந்தத் தொல்லை குறையும்.

சரி, விலைக்கு வருவோம். மேலே சொன்னபடி இருக்கும் கத்தி எனக்கு இப்போது 300 ரூபாய் அடக்கம் ஆகிறது. 340-க்குக் கொடுக்கிறேன். சில்லறையில் 420-க்குப் போகிறது. “மீன் வெட்டுறவன் 150-க்கு மேல கொடுக்க மாட்டான் அண்ணாச்சி” என்று சில்லறைக் கடைக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மீனைச் சொந்தமாக எடுத்து, முள் நீக்கி ஓட்டலுக்குக் கொடுக்கும் ஒருவர் தினம் 20 கிலோ வெட்டுகிறார், கிலோ 400 ரூபாய் மீன் என்று வைத்துக்கொள்வோம். மட்டமான கத்தியால் நூற்றுக்கு ஒரு பங்கு சதை கூடுதலாக முள்ளில் நின்றால் 200 கிராம். தினம் 80 ரூபாய் குப்பைக்குப் போகிறது. இரண்டு கத்திக்கும் உள்ள விலை வித்தியாசம் நான்கே நாளில் தீர்ந்துவிடும். வாங்குகிறவரிடம் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரே தடவையில் 420 கொடுக்க முடியாதவருக்கு, வாரம் 105 வீதம் நான்கு வாரத் தவணை கொடுக்கும்படி என் கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டேன். அவர்களுக்கு நானும் அந்தத் தவணை கொடுத்தேன். பாக்கி நின்றது மிகச் சொற்பம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் வசூலுக்குப் போகாதீர்கள். அவர்களுக்கு அப்போது வேலை குறைவு.

நமது பக்கத்துக் கணக்கையும் மறைக்க மாட்டேன். 16,800 ரூபாய் முதலில் 70 ரூபாய்க் கத்தி 240 வாங்கலாம். ஒன்றுக்கு 25 லாபம் என்றால் 6,000 ரூபாய். அதே முதலில் 300 ரூபாய்க் கத்தி 56 தான் வரும். லாபம் 2,240 தான். போதாக்குறைக்கு 2022 ஜூலை 18 முதல் கத்திக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 18 சதவீதம் ஆனது. பில் போட்டு விற்பவனுக்கும் பில் இல்லாமல் விற்பவனுக்கும் உள்ள இடைவெளி இன்னும் கூடிவிட்டது. நேர்மையாக விற்றால் லாபமும் அதிகம் என்று மேடையில் பேசுவது சுலபம். கத்தி விஷயத்தில் உடனடியாக அது உண்மையில்லை. லாபம் குறைவு. ஆனால் சரக்கு திரும்பி வருவதில்லை, கட்டுப் போட்ட கையுடன் யாரும் வந்து கடையில் நிற்பதில்லை. இந்த வயதில் எனக்கு அது போதும் என்று படுகிறது. இளைய வியாபாரிகளுக்கும் அதுவே நீண்டகால லாபம் என்பது என் கருத்து.

சங்கத்துக்கு இரண்டு கோரிக்கை. விலாசம் அச்சிடாத கத்தி, அரிவாள் வகையறாக்களை உறுப்பினர்கள் யாரும் எடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம் போட வேண்டும். தனித்தனியாக வாங்காமல் நாலைந்து கடைகள் சேர்ந்து நேரடியாகக் கம்பெனியில் வாங்கினால் அடக்கம் குறையும். அதற்கும் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த கூட்டத்தில் பேசட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தம்பி இன்றும் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறார். கத்தி வேண்டுமென்றால் என்னிடம்தான் சொல்லி அனுப்புகிறார். வலது கைச் சுண்டுவிரல் மட்டும் அவருக்கு முழுதாக மடங்குவதில்லை.