ரசத்திலேயே இருக்கு ‘நெகட்டிவ் அயான்’!

‘நெகட்டிவ் அயான்’ பிரேஸ்லெட், டாலர் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். போட்டால் களைப்பு போகுமாம், செல்போன் கதிர்வீச்சு அண்டாதாம்.

அயான் என்றால் வேறொன்றுமில்லை, பள்ளியில் படித்த அயனிதான். சோடியம் அணுவில் 11 புரோட்டான், 11 எலெக்ட்ரான். வெளிக்கூட்டில் தனியாக இருக்கும் ஒரு எலெக்ட்ரானை இழந்தால் மீதி 10. புரோட்டான் கை ஓங்கி, நேர்மின் அயனி ஆகிவிடும். குளோரினுக்கு வெளிக்கூட்டில் 7. எட்டாவதாக ஒன்றை வாங்கிக்கொண்டு எதிர்மின் அயனி ஆகும். சாப்பாட்டு உப்பு என்பதே இந்த இரண்டும் சேர்ந்ததுதான். நெகட்டிவ் அயனி வேணும்னா ரசம் போதும்!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால், காற்றில் அயனியை உண்டாக்க ஆற்றல் வேண்டுமே, பேட்டரி இல்லாத டாலருக்கு அது எங்கிருந்து வரும்? சிலவற்றில் தோரியம், யுரேனியம் கொண்ட தாதுப்பொடியைச் சேர்த்திருக்கிறார்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம், கதிர்வீச்சை வெளிவிடும் இத்தகைய 10 பொருட்களைப் பட்டியலிட்டு, அணியாதீர்கள் என எச்சரித்தது. குழந்தைகளுக்கான பிரேஸ்லெட்டும் அதில் ஒன்று. 5ஜி கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்ற டாலரும் இருந்தது, கொடுமை!

உள்ளே என்ன தாது இருக்கிறது என்று எழுதாத ‘அயான்’ சரக்கை விற்பனைத் தளங்கள் ஏற்கவே கூடாது. ஏற்கனவே வாங்கியவர்கள் முதலில் அதைக் கழற்றட்டும்.