தொடர்மாடி உரித்தும் மயிலிட்டியின் வாடகையும்

அரச நகரத் தொடர்மாடிகளில் குடியிருக்கும் 50,000 குறைந்த வருமானக் குடும்பங்களிடம் வாடகை அறவிடுவதை நிறுத்தி, வீடுகளின் முழு உரித்தையும் அவர்களுக்கே வழங்குவதென 2023 நவம்பர் 13 அன்று முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி முன்மொழிந்தமை வரவேற்கத்தக்கது. தாம் விட்டுவந்த வீட்டுக்கு நட்டஈடு பெறாமலே மாடிக்கு ஏற்றப்பட்டு மாதந்தோறும் பணம் கட்டிவந்த கொழும்புக் குடும்பங்கள் பல. அவர்களுக்கு இது காலம் தாழ்ந்த நீதியே. ஆயினும், தொடர்மாடி உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் வேண்டும் கூட்டாதன வரைபடம், அதாவது தனி வீட்டையும் பொது இடங்களையும் பிரித்துக் காட்டும் அளவைப் படம், முறையாகப் பதியப்படாவிட்டால் வீட்டின் உறுதியை ஈடு வைத்துக் கடன் பெறுவது கடினம். வாடகை நின்றபின் மின்தூக்கியையும் நீர்ப்பம்பியையும் யார் செலவில் பராமரிப்பது என்பதும் முன்கூட்டியே தீர்க்கப்பட வேண்டும்.

எனினும் இம்முன்மொழிவு எழுப்பும் பெரிய கேள்வி யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலேயே இருக்கிறது. குடியிருப்போரின் வாடகையைக் கைவிட முன்வந்த அரசு, 1990 யூனில் அங்குள்ள மயிலிட்டியிலிருந்து போரால் இடம்பெயர்ந்து, உறுதியைக் கையில் வைத்துக்கொண்டே நலன்புரி நிலையங்களிலும் பிறர் வீடுகளிலும் வாழ்ந்த காணி உரிமையாளருக்கு, அவர்கள் காணியைப் படையினரின் உயர் பாதுகாப்பு வலயமாக ஆண்ட காலத்துக்கு என்ன வாடகை கொடுத்தது? வாடகைக்கு மாறாக, 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தலையே அது ஒட்டியது. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டபோதும் ஊர் முழுவதும் திரும்பக் கிடைக்கவில்லை.

பழைய மயிலிட்டி உறுதியொன்றில் காணியின் பெயரும், பதினாறு சேர்ந்தால் ஓர் ஏக்கராகும் பரப்புக் கணக்கும் இருக்கும். எல்லைகளோ கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி என்ற அளவில் நின்றுவிடும். வேலியும் கிணறும் ஒழுங்கையும் அழிக்கப்பட்டு, முட்கம்பிக்கு உள்ளே நில அளவையாளர் நுழைய அனுமதியும் இல்லாதபோது, அந்த உறுதிக்குப் புதிய அளவைப் படம் கீறுவது எவ்வாறு? படம் இல்லையேல் ஈடு இல்லை; ஈடு இல்லையேல் வீட்டுக்கடன் இல்லை. காணியுள்ள குடும்பத்துக்கு 550,000 ரூபாய் வழங்கிய இந்திய வீட்டுத்திட்டத்திலும், சொந்தக் காணிக்குள் காலெடுத்து வைக்க முடியாதவருக்கு அத்திவாரம் வெட்ட இடம் இருக்கவில்லை. பிரதேச செயலகம் அமைச்சைக் காட்டுவதும் அமைச்சு பாதுகாப்புத் தரப்பைக் காட்டுவதுமாக மூன்று தசாப்தங்கள் கடந்ததை நிர்வாகத் தாமதம் என்று இனியும் எழுத முடியாது. அது அரசு அறிந்தே செய்யும் அநீதி.

தொடர்மாடி உரித்துக்கான சட்ட ஏற்பாடுகள் வரையப்படும்போதே, படையினர் வசமுள்ள தனியார் காணிகளுக்குக் கைக்கொண்ட நாள் முதல் வாடகை கணக்கிட்டுச் செலுத்துவதும், நுழைவு அனுமதியுடன் அரச செலவில் அளவைப் படம் தயாரிப்பதும் அவற்றில் இடம்பெற வேண்டும். இதனை வடக்கின் நொத்தாரிசுகளும் நில அளவையாளர்களும் தத்தம் சங்கங்கள் ஊடாக வீடமைப்பு அமைச்சிடம் எழுத்தில் கோர வேண்டும்.