நாற்பத்தைந்து வயதில் ஒரு குட்டி சைக்கிள்

2024-ஆம் வருஷம், ஆடி மாதம். மாடிப்படிக்குக் கீழே அடைந்து கிடந்த குப்பையை ஒழித்துக் கொண்டிருந்தேன். பழைய பேப்பர், ஓட்டை பக்கெட், மூடி இல்லாத மிக்ஸி ஜார், எல்லாவற்றுக்கும் பின்னால் என் மகனின் சின்ன சைக்கிள். ஆறாம் வகுப்பில் வாங்கிக் கொடுத்தது. "பி.எம்.எக்ஸ். மாடல்" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். 20 அங்குலச் சக்கரம், தடித்த டயர், தாழ்ந்த சீட்டு. பையன் இப்போது ப்ளஸ் ஒன். என்னைவிட ஒரு சாண் உயரம். ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு விட்டேன்.

அவர் தராசை எடுப்பதற்குள், சும்மா ஒரு தடவை அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. என்ன தோன்றியதோ, "அண்ணே, இதை விட்டுடுங்க. பேப்பரை மட்டும் போடுங்க" என்று சொல்லி விட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை, சகோதரிகளே. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்திருந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற எச்.பி.ஏ.ஒன்.சி. 6.2 என்றிருந்தது. 5.7-க்குக் கீழே இருக்க வேண்டுமாம். 6.5 வந்தால் சர்க்கரை வியாதி என்றே சொல்லி விடுவார்களாம். "வாசல் வரைக்கும் வந்துட்டீங்க, உள்ளே போகாதீங்க. தினம் நடங்க" என்றார் டாக்டரம்மா. நடந்தேன். ஒரு வாரத்தில் வலது முழங்கால் வீங்கிக் கொண்டது.

இந்த வாசலில் நிற்கிறவள் நான் ஒருத்தி மட்டுமல்ல. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி, 13 கோடிப் பேருக்கு மேல் என்னைப் போல் வாசல்படியில் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் எனக்குக் கோடிக் கணக்கெல்லாம் மனதில் நிற்கவில்லை. என் அம்மாவின் இடது கால் ஒன்றுதான் கண்ணுக்குள் நின்றது.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் பிறந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூருக்குப் பக்கத்துக் கிராமம். 1991-இல் எங்கள் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மையார் கலெக்டராக இருந்த சமயம். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல், பெண்களை சைக்கிள் ஓட்டவும் பழக்கினார்கள். அம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கையெழுத்துப் போடப் பழகியது அரிக்கேன் விளக்கில். சைக்கிள் பழகியது கோயில் பொட்டலில், நிலா வெளிச்சத்தில். பகலில் பழகினால் டீக்கடை பெஞ்சு சும்மா இருக்குமா? லேடீஸ் சைக்கிள் லேசில் கிடைக்காது. வாடகைக் கடையில் இருந்ததெல்லாம் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள். பாரில் பிள்ளையை உட்கார வைத்துக் கொள்ளலாம், இதுவே சௌகரியம் என்று சொன்ன பெண்களும் உண்டு. புடவையைத் தார்ப்பாய்ச்சுக் கட்டுப் போல் இழுத்துச் செருகிக் கொண்டு அம்மா ஏறுவாள். பன்னிரண்டு வயசு நான் கேரியரைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடுவேன்.

"விட்டுராத புள்ள... விட்டுராத..."

"விடலம்மா!"

விட்டு எவ்வளவோ நேரமாகியிருக்கும். அம்மா பாட்டுக்குப் போய்க் கொண்டிருப்பாள்.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க ஆளில்லை. கீரையும் கடலையும் கட்டிக் கொண்டு கீரனூர் சந்தைக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பி விடுவாள். முன்பு பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போகும். தண்ணீர்க் குடம், ரேஷன் அரிசி, ஜுரம் வந்த தம்பி எல்லாம் அந்தக் கேரியரில்தான். (பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது, வடநாட்டுப் பிள்ளைகளின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்தில் இடம்பெற்றது. நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை.)

கேரியர் என்றதும் இன்னொன்று. என் இடது குதிகாலில் ஒரு தழும்பு இருக்கிறது. ஒருநாள் பின்னால் உட்கார்ந்து போகும்போது கால் ஸ்போக்கில் சிக்கிக் கொண்டது. இளம் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்தால் கால் வைக்க இடமும், சக்கரத்துக்குப் பக்க மறைப்பும் அவசியம். ஷூ போட்டு விடுங்கள். அப்படியும் சிக்கி விட்டால் சக்கரத்தைப் பின்னால் சுற்றியோ, ஸ்போக்கை வளைத்தோ மெதுவாகக் காலை எடுக்க வேண்டும். பிடித்து இழுக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியைச் சுற்றி டாக்டரிடம் போய் விடுங்கள். மேலே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் உள்ளே சதை நசுங்கியிருக்கும், எலும்பும் விட்டிருக்கலாம். எனக்கு மஞ்சளை அப்பி வைத்தார்கள். ஆற இரண்டு மாதம் ஆயிற்று.

நானும் பத்தாவது வரைக்கும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனேன். 2001-இல் கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தேன். அதோடு சரி. யாரும் ஓட்டாதே என்று சொல்லவில்லை. மாமியாரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் ஸ்கூட்டர் இருந்தது, வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. நானாகத்தான் விட்டேன். அம்மாவும் அப்படித்தான். தம்பி புதுக்கோட்டை டவுனில் வீடு கட்டி அழைத்துக் கொண்டபின், "இங்க எதுக்கு சைக்கிளு" என்று விட்டு விட்டாள். சில வருஷத்தில் சர்க்கரை வந்தது. பாதம் மரத்துப் போனதால் ஆணி ஏறியதுகூடத் தெரியவில்லை. புண்ணாகி, 2023-இல் இடது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். சைக்கிளை விட்டதால்தான் வந்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் சந்தைக்கு மிதித்துப் போன அந்தக் காலை அப்படிக் கட்டுப் போட்டுப் பார்த்த எனக்கு, என் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

சரி, கதைக்கு வருகிறேன்.

மறுநாள் காலை ஐந்தரை மணி. கே.கே. நகர்ப் பக்கம் எங்கள் தெரு அப்போது காலியாக இருக்கும். சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக் கொண்டேன். (தொங்க விட்டுக் கொண்டு ஓட்டவே கூடாது. சக்கரம் இழுத்து விடும்.) முதல் மூன்று நாள் பெடலைத் தொடவே இல்லை. சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தித் தள்ளிக் கொண்டு போனேன். வேகம் வந்ததும் இரண்டு காலையும் தூக்குவது, சாய்ந்தால் ஊன்றுவது. சிறு பிள்ளைகளுக்குப் பெடல் இல்லாத வண்டி விற்கிறார்களே, அதே முறை. உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது! நாலாம் நாள் பெடலில் கால் வைத்தேன். வண்டி போயிற்று.

அத்தை வாசலில் நின்று பார்த்தார். "ஏன் கண்ணு, சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்றார். அவர் என்னவோ, "மெதுவா ஓட்டும்மா" என்று சொல்லி விட்டுப் பேப்பரால் முகத்தை மூடிக் கொண்டார். பேப்பர் குலுங்கியது.

பத்தாம் நாள் விழுந்தேன். பால் பாக்கெட் வாங்கித் திரும்பும்போது எதிர் வீட்டு அம்மா கோலம் போட்டுக் கொண்டிருந்தார். பார்க்கிறாரே, பார்க்கிறாரே என்று நான் அவரையே பார்த்துக் கொண்டு வந்ததில், நேராக அவர் கோலத்தின் மேலேயே போய் விழுந்தேன்! முழங்கையில் சிராய்ப்பு, கோலத்தில் அரை லிட்டர் பால். எதைப் பார்க்கிறோமோ வண்டி அங்கேதான் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளம், நாயைப் பார்த்தால் நாய். கண்ணைப் பத்துப் பதினைந்து அடி முன்னால், போக வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். பிரேக்கும் இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடிக்க வேண்டும். முன்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் தலைகுப்புறத் தள்ளி விடும்.

மகனுக்குத்தான் ஒரே குஷி. "அம்மா, நீ ஓட்டுறது ஒலிம்பிக்ஸ் வண்டிம்மா!" என்று செல்போனில் காட்டினான். 1970-களில் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பையன்கள், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களைப் பார்த்து மண்மேட்டில் தங்கள் குட்டி சைக்கிளை ஓட்டி விளையாடியது. அதுவே வளர்ந்து 2008-இல் பீஜிங் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் பந்தயமாகி விட்டது. அதில் நாற்பது தாண்டியவர்களுக்கும் வயதுவாரியாகத் தனிப் போட்டி உண்டாம். இளம் வயதில் விட்டு விட்டு, பிள்ளை குட்டி ஆனபின் திரும்ப ஏறுகிறவர்களாம். அட, நம் கட்சிக்காரர்கள்!

ஆனால் ஒரு விஷயம் அவன் சொல்லவில்லை. அவர்கள் சீட்டில் உட்காருவதே அபூர்வம். பெடல் மேல் எழுந்து நின்றுதான் மிதிக்கிறார்கள். அதனால்தான் சீட்டு அத்தனை தாழ்வு. நானோ உட்கார்ந்தபடி மூன்று வாரம் மிதித்தேன். நடந்து வலித்த முழங்கால் மறுபடி முன்பக்கமாக வலிக்க ஆரம்பித்தது. இதுவும் போச்சா என்று வண்டியைத் தள்ளிக் கொண்டு மெயின் ரோட்டு சைக்கிள் கடைக்குப் போனேன். வயதான பாய். என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது புள்ளைங்க வண்டி. உங்க முழங்கால் நெஞ்சுக்கு வருது. வலிக்காம என்ன செய்யும்?"

சீட்டை உயர்த்தச் சொன்னேன். சீட்டுக் கம்பியில் ஒரு கோடு காட்டினார். அந்தக் கோடு வெளியே தெரியும்படி தூக்கினால் கம்பி உடைந்து விடுமாம். பழகுவதற்கு இது சரி, தினம் ஓட்டப் பெரிய வண்டி எடுங்கள் என்றார்.

பெரிய வண்டி வீட்டிலேயே இருந்தது. நர்சிங் படிக்கிற என் மகளுக்கு ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த லேடீஸ் சைக்கிள், கொல்லையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. டியூப், பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார் பாய். சீட்டின் அளவையும் அவரே சொல்லிக் கொடுத்தார். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் கணக்கு. அப்படி வைத்த பத்து நாளில் வலி போயிற்று. பயமும், சின்ன வண்டியிலேயே போய் விட்டிருந்தது.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது சந்தோஷப்பட்டார். சைக்கிளில் உடம்பு கனத்தைச் சீட்டு தாங்குவதால் முழங்காலுக்குச் சுமை குறைவாம். தொடைச் சதை உடம்பிலுள்ள பெரிய சதைகளில் ஒன்று. அது வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக் கொள்கிறதாம். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள் போதும் என்றார். கூடவே ஒரு எச்சரிக்கை: எலும்பு வலுப்பட சைக்கிள் மட்டும் போதாது. மாதவிலக்கு நிற்கிற வயதில் நமக்கு எலும்பு தேய ஆரம்பிக்கும். கால் தரையில் ஊன்றி நடப்பதும், படி ஏறுவதும், கொஞ்சம் கனம் தூக்குவதும் வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டு விட்டுத் தொடங்குங்கள். படபடவென்று வந்தால் வாயில் போட்டுக் கொள்ள இரண்டு மிட்டாய் முந்தானையில் முடிந்து கொள்ளுங்கள்.

மார்கழியில் மறுபடி பரிசோதித்தேன். 5.9. வாசலை விட்டு இன்னும் இறங்கவில்லை. ராத்திரிச் சோற்றையும் குறைத்திருக்கிறேன், சைக்கிளுக்கே முழுப் பெருமையும் கொடுக்க முடியாது.

பொங்கலுக்கு அம்மா வந்திருந்தாள். ஓட்டிக் காட்டச் சொன்னாள். தெருக்கோடி வரை போய்த் திரும்பினேன். ஒரு பாராட்டு? ஊஹூம். "பின்னால வார் வச்ச செருப்பு வாங்கு. இது கழண்டு விழும்" என்றாள்.

மத்தியானம் கொல்லைப் பக்கம் மணிச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அம்மா அந்தக் குட்டி சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறாள்! சர்க்கரைக்காரர்களுக்கான மெத்துச் செருப்போடு இரண்டு காலும் தரையில். "சம்பந்தி, விழுந்து வச்சீங்கன்னா யார் பதில் சொல்றது?" என்று அத்தை பதறுகிறார்.

"ஓட்டலம்மா. சும்மா உக்காந்திருக்கேன்" என்றாள் அம்மா. முறத்தை மடியில் வாங்கிக் கொண்டு, அங்கேயே உட்கார்ந்து மொச்சை முழுவதையும் உரித்துக் கொடுத்தாள். நடுநடுவே மணியை அடித்துக் கொண்டாள்.

பழைய இரும்புக்காரர் அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்து கேட்டு விட்டார். இப்போதைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பி விட்டேன்.