எஜமான் இருவர், பொறுப்பாளி யார்?

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் கார்கள் சாரிசாரியாக வருகின்றன. அந்தக் கார்களுக்குத் திருகாணி முடுக்கியவர்கள் யார்? தென்காசியில் பொதிகை ரயிலேறி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் பிழைக்கப்போன நம் பிள்ளைகளும்தான்! அங்கே வேலை வாங்குவது கம்பெனி. சம்பளச் சீட்டிலோ கண்டிராக்டர் பெயர்!

இதற்கு "முத்தரப்புச் சேவை உறவு" என்று நாகரிகப் பெயர் சூட்டுகிறார்கள். தேயிலைத் தோட்டத்துக் கங்காணி முறைக்கும் இதற்கும் என்ன பேதம்? கூலி குறைந்தால், "கண்டிராக்டரைக் கேள்" என்கிறது கம்பெனி. "கம்பெனி பணம் தரவில்லை" என்கிறார் கண்டிராக்டர். இயந்திரத்தில் விரல் போனால் இருவருமே கையை விரிக்கிறார்கள்!

கண்டிராக்டர் கூலி தராவிட்டால் பிரதான முதலாளியே தரவேண்டும் என்றது 1970-ம் ஆண்டுச் சட்டம். அந்தப் பொறுப்பு புதிய சட்டத் தொகுப்பிலும் உண்டு. ஆனால் 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்திய சட்டத்தை, 2025 நவம்பர் 21 முதல் 50 பேருக்கு உயர்த்திவிட்டார்கள். 49 பேரை வைத்திருக்கும் கண்டிராக்டருக்கு லைசென்சும் வேண்டாம்! இது யாருக்குச் சலுகை?

2018-ல் ஒரகடத்தில் யமஹா தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது சங்க உரிமைக்காகவே. நிரந்தரத் தொழிலாளியும் கண்டிராக்ட் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் திரளட்டும்! அன்று கம்பெனி யாரைக் கைகாட்டித் தப்பும்?