பாலத்தைத் தின்றது விதியா, துருவா?

ஒரு பாலம் இடிந்து ஜனங்கள் மாண்டால், "அவர்கள் விதி அவ்வளவுதான், யார் தடுக்க முடியும்?" என்று சொல்லுகின்றவர்கள் நம்மில் இன்னமும் இருக்கின்றார்கள். அவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுவோம்.

இத்தாலி தேசத்து ஜெனோவா நகரில் 1967-ல் திறக்கப்பட்ட மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14-ந் தேதி இடிந்து 43 பேர் மாண்டார்கள். மறுநாள், மாதா மோட்சத்துக்குப் போனதாகச் சொல்லப்படும் திருநாள். ஆனாலும் அந்த மாதா வந்து தடுக்கவில்லை. எந்தப் பேயும் வந்து தள்ளவுமில்லை. பாலத்தைத் தாங்கிய இரும்பு வடங்கள் கான்கிரீட் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இற்றுப்போயிருந்தன. கடற்காற்றும் ஆலைப் புகையும் கான்கிரீட்டைக் கெடுக்கின்றன என்று, பாலத்தை அமைத்த மொராண்டியே 1979-ல் எச்சரித்திருந்தார். அப்பாலத்துக்கு வடம் தாங்கிய கோபுரங்கள் மூன்று. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் 1990-களில் வெளிப்புறமாகப் புது வடங்கள் பூட்டி முழுதும் பலப்படுத்தினார்கள். அது நின்றது. அப்படிப் பலப்படுத்தாமல் விட்ட ஒன்று விழுந்தது. விதி என்பது புது வடம் கண்டு பயந்து ஒதுங்கிப் போயிற்றா என்று கேட்கின்றோம்.

நிற்க, துரு செய்யும் வேலை என்ன? கான்கிரீட்டிலுள்ள காரத்தன்மை முதலில் கம்பியைக் காக்கும். நாளடைவில் கரியமிலவாயு அதைக் குறைக்கும். உப்பும் ஈரமும் உள்ளே இறங்கிக் கம்பியை அரிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். உத்திரத்தின் அடியில் நீளவாக்கில் விரிசலும் பழுப்புக் கறையும் கண்டால் அதுதான் அடையாளம். ஆனால் சில துரு வெளியே தெரியாமலே அரிக்குமாதலால், கருவி வைத்தும் சோதிக்க வேண்டும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. விரிசல்மேல் சிமிட்டி பூசுவதல்ல. அது சீழ் வைத்த புண்ணை மூடிக் கட்டுவதாகும். கெட்ட கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, கம்பியின் துருவைப் போக்கி, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து மறுபடி வார்க்க வேண்டும். பலம் போதாதாயின் உத்திரத்தின் அடியில் இரும்புத் தகடோ, கரிநார்ப் பட்டையோ பிசின்கொண்டு ஒட்டலாம். வெளியே வடம் இழுத்தும் முறுக்கலாம்.

ஜெனோவாவில் 2020-ல் திறந்த புதுப் பாலத்துக்குப் புனித ஜார்ஜ் என்று பெயர். ஆனால் அதைச் சோதிக்க வைத்திருப்பது இயந்திர மனிதனை. உப்பீரம் படியாமல் காக்க வைத்திருப்பது காற்றை உலர்த்தும் யந்திரத்தை! பெயருக்குப் புனிதர், காவலுக்கு விஞ்ஞானம்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்ப் பாலத்தை எந்த நல்ல நேரத்தில் திறந்தார்கள் என்று கேளாதீர்கள். கடைசியாக எப்பொழுது சோதித்தார்கள், கண்ட பழுதை எப்பொழுது பலப்படுத்தப் போகிறார்கள் என்று அதிகாரிகளைக் கேளுங்கள்.